கிடாய் விந்தில மஞ்சக்கரு கலந்தா ஏன் திரையுது?

வவுணதீவு ஆட்டுக்காரன்:
எங்கட பட்டியில ஒரு ஜமுனாபாரிக் கிடாய் நிக்குது. நல்ல சாதி, ஆனா ஒத்த ஆளால எல்லாத்துக்கும் ஈடுகுடுக்க ஏலாது. மாட்டு விந்தை மஞ்சக்கருவில கலந்துதான் ஸ்ட்ரோ எண்டுற மெல்லிய குழாயில அடைக்கிற எண்டு கேள்விப்பட்டு, நானும் இதின்ர விந்தை எடுத்துக் கலந்து பாத்தன். (எடுத்த கதையைக் கேக்காதீங்க, துடையில இன்னும் கண்டல் கிடக்கு.) மகள் கொண்டுவந்த நுணுக்குக்காட்டியில பாத்தா, முதல்ல மழைவிட்ட ஈசல் மாதிரிக் குமியுது. பின்னேரம் பாத்தா தயிர்போலத் திரைஞ்சு, ஒரு அசைவும் இல்ல. விந்துத் தண்ணியைக் கழுவி எடுத்திட்டுத்தான் கலக்கோணுமாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். விந்துத் தண்ணியில ஹோர்மோன் மாதிரிப் புரதமெல்லாம் இருக்கு, கழுவினா அதும் போகுமே எண்டு மகள் கேக்கிறா. எது சரி?

பழைய ஊசிக்காரன்:
ரெண்டும் சரிதான் தம்பி. கிடாயின்ர மூத்திரக்குழாயோட இருக்கிற கூப்பர் சுரப்பியில இருந்து ஒரு நொதியம் வருது. அது மஞ்சக்கருவில இருக்கிற லெசித்தின் எண்டுற கொழுப்பை உடைச்சு, விந்தணுவின்ர தோலையே கரைக்கிற சாமானாக்கிப்போடும். 1957இலயே இதை எழுதிவச்சிட்டாங்க. ஆனா எங்கட வெக்கையில பின்னேரம் வரைக்கும் வச்சிருந்ததும் பிழை. முழுப்பழியையும் முட்டையில போடாதீங்க.

காளைக்குக் கதை வேற. அதின்ர விந்துப்பையில சுரக்கிற புரதங்கள் விந்தணுத் தோலில ஒட்டி, கொலஸ்திரோலைக் கொஞ்சம் கொஞ்சமா உருவும். பசுவின்ர உடம்புக்குள்ள அது வேணும், அப்பதான் விந்தணு பசுவின்ர சூல்முட்டையைத் துளைக்கிற பதத்துக்கு வரும். குப்பிக்குள்ளயே மணிக்கணக்கா உருவினா தோல் நைஞ்சிடும். மஞ்சக்கருவின்ர கொழுப்புருண்டை அந்தப் புரதத்தைப் பிடிச்சுக் கட்டிப்போடும். ஒரே கோழிமுட்டைதான், காளைக்குக் காவல், கிடாய்க்கு நஞ்சு.

மகள் சொல்லுற ஹோர்மோன் சங்கதி பன்றியில நல்லாத் தெரியும். குட்டி போடேக்க இடுப்பை இளக்குற ரிலாக்சின் இருக்கே, அது ஆண்பன்றியின்ர விந்துப்பையிலயும் சுரக்குது. விந்தணுவில அதைப் பிடிக்கிறதுக்கெண்டு ஒரு வாங்கி (receptor) இருக்கு, ஒட்டினா ஓட்டம் கூடும். கழுவினா தண்ணியில மிதக்கிறதுதான் போகும், தோலில இறுகினது லேசில போகாது.

அக்கரைப்பற்று பால்காரன்:
அண்ணே, ஒட்டகத்துக்கு விந்துத் தண்ணியே சூல்முட்டையை இறக்கிடுமாமே? சினை நிக்காத நம்மட பசுவுக்கும் அதைக் குடுத்தா என்ன?

பழைய ஊசிக்காரன்:
உண்மைதான். ஒட்டகச் சாதியான லாமாவுக்கும் அல்பாகாவுக்கும் அந்தத் தண்ணியைத் தசையில ஊசியா ஏத்தினாலே முட்டை இறங்கும். அந்தப் புரதம் நரம்பு வளர்ச்சிக் காரணிதான் எண்டு 2012இல கண்டுபிடிச்சாங்க. காளை விந்திலயும் அது கிடக்கு. ஆனா பசு அதுக்காகக் காத்து நிக்காது, வேட்கை வந்தா முட்டையைத் தானா விடும். உங்கட பசுவுக்கு முதல்ல நேரத்தைப் பாருங்க. காலையில காளைக்குக் கத்தினா பின்னேரம் விந்தை ஏத்தோணும். 2014இல மண்முனைப் பாலம் திறக்கமுன்னம் உறையவச்ச விந்து இருக்கிற நைட்ரஜன் கானோட ஆத்தைக் கடக்கிற பாதைப் படகுக்குக் காத்து நிண்டு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்ச்சேர, மாடு அடங்கி அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும். அப்படி எத்தின ஸ்ட்ரோ வீணாப்போச்சு.

வவுணதீவு ஆட்டுக்காரன்:
கழுவுறதுக்குச் சுழட்டுற மெசின் வேணுமாமே, விலையைக் கேட்டன், ரெண்டு கிடாய் வாங்கலாம். அந்தக் கிடாய்களையே வாங்கப் போறன்.