நனோ படிச்சனான், இன்ரவியூவில ஒரு கேள்வியில நிண்டுட்டன். வேலைக்கு உண்மையில என்ன தெரிஞ்சிருக்கோணும்?

கோண்டாவில்_பிள்ளை:

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம். பௌதிகவியல் ஸ்பெஷல் செய்து கம்பஸ் முடிச்சு எட்டு மாசம், இப்ப கோண்டாவில்ல வீட்டோட இருக்கிறன். கடைசி வருசப் புரொஜெக்ற் வேப்பிலைச் சாறு விட்டு வெள்ளி நனோ துணிக்கை செய்தது, சாம்பிளை வெளியில அனுப்பி எடுத்த எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர்), எஸ்ஈஎம் (இலத்திரன் நுணுக்குக்காட்டி), டிஎல்எஸ் (ஒளிச் சிதறல்) றிசல்ற் எல்லாம் வடிவா வந்து நல்ல மாக்ஸும் கிடைச்சது.

போன கிழமை கொழும்புப் பக்கம் ஒரு கொம்பனியில லாப் வேலைக்கு இன்ரவியூ, இரவு பஸ்ஸில போய் விடியக் காலமை இறங்கினனான். என்ர றிப்போட்டைப் பாத்திட்டு ஒராள் கேட்டார், “எக்ஸ்ஆர்டியில 18 நனோமீற்றர் எண்டு போட்டிருக்கிறீங்கள், எஸ்ஈஎம் படத்தில 40, டிஎல்எஸ்ஸில 95. போத்திலுக்கு லேபல் ஒட்டுறதெண்டா எதைப் போடுவீங்கள்?” நான் 40 எண்டன். ஏன் எண்டார். படத்தில கண்ணால தெரியுதுதானே எண்டன். எத்தினை துணிக்கை எண்ணினீங்கள் எண்டார், ஒரு 30 இருக்கும் எண்டன். பேந்து தராசு கடைசியா எப்ப கலிபிரேற் பண்ணினது எண்டு கேட்டார், அது எனக்குத் தெரியாது.

பௌதிகவியலாளர் ஃபைன்மன் 1959இல இந்தச் சின்னன் உலகத்தைப் பற்றிப் பேசினதில இருந்து குவாண்டம் கதை வரைக்கும் எல்லாம் பாடமாக்கிக் கொண்டு போனனான், அதில ஒண்டையும் ஆரும் கேக்கேல்லை. பஸ்ஸில திரும்பி வரேக்க அழுகை வந்திட்டுது. படிச்சதுக்கும் அவை கேக்கிறதுக்கும் நடுவில என்ன இருக்கு, அதை யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு எப்பிடிப் பழகிறது? எம்எஸ்சி செய்யவோ? அம்மா ரீச்சிங்குக்குப் போடச் சொல்லுறா.

ஊர்க்காவலன்:

தங்கச்சி நான் சொல்லுறனெண்டு கோவிக்காதேங்கோ, எங்கட நாட்டில நனோவுக்கு எத்தினை பேரை எடுக்கப் போறாங்கள், என்ர தம்பியும் உப்பிடித்தான் ரெண்டு வருசம் பாத்திட்டு ஐடிக்கு மாறினவன், இப்ப நல்லா இருக்கிறான். யோசியுங்கோ.

மெசின்றூம்:

ஊர்க்காவலன் அண்ணா சொல்லுறது விளங்குது, ஆனா ஆக்கள் பேப்பரில “நனோ” எண்ட சொல்லைத் தேடுறதுதான் பிழை. பெயின்ற், இறப்பர் கையுறை, துணிக்குப் பூச்சு, மருந்து, தண்ணிப் பரிசோதனை, எல்லா இடத்திலயும் கியூசி லாப் (தரம் பாக்கிற லாப்) இருக்கு, அங்க கேக்கிறது இந்தக் கைவேலையைத்தான். தாளையடியில 2024இல திறந்த கடல்தண்ணி சுத்திகரிக்கிற நிலையத்தைப் பாருங்கோ, நாளுக்கு 24,000 கன மீற்றர், அந்த மாதிரி மெம்பிரேனில உப்பை மறிக்கிற தோல் 100, 200 நனோமீற்றர் தடிப்புத்தான். அது நனோ இல்லாமல் வேற என்ன.

இனி தங்கச்சிக்கு. உந்தக் கேள்வியை நானும் ஆக்களிட்டக் கேக்கிறனான், விழுத்துறதுக்கு இல்லை. உங்கட மூண்டு எண்ணும் சரியா இருக்கலாம். எக்ஸ்ஆர்டி வரைபில வாற கோட்டின்ர அகலத்தை ஷெரர் சமன்பாட்டில போட்டு வாறது துணிக்கையின்ர அளவே இல்லை, உள்ளுக்க ஒரே ஒழுங்கா அடுக்கி இருக்கிற ஒரு பளிங்குத் துண்டின்ர அளவு, ஒரு துணிக்கைக்குள்ள அப்பிடிக் கன துண்டு கிடக்கலாம். அதோட மெசினும் தன்ர பங்குக்குக் கோட்டை அகலமாக்கும், அதைக் கழிச்சனீங்களோ? எஸ்ஈஎம் காட்டுறது காஞ்ச துணிக்கையை. டிஎல்எஸ் தண்ணிக்குள்ள மிதக்கிறதை அளக்கும், வேப்பிலைச் சாறில இருந்து ஒட்டின படையும் அதுக்குள்ள வந்திடும், அதுக்கு மேல ஒளி சிதறுறது விட்டத்தின்ர ஆறாம் அடுக்கோட போறபடியா 100 நனோமீற்றர் துணிக்கை ஒண்டு, 10 நனோமீற்றர் துணிக்கை பத்து இலட்சம் சிதறுற அளவுக்குச் சிதறும். அங்கங்க கொஞ்சம் கட்டிபட்டு நிண்டாலே எண் ஏறிடும். அப்ப லேபலில என்ன போடுறது? எடுக்கிற ஆள் அதைத் தண்ணியோட பாவிக்கப் போறாரெண்டா டிஎல்எஸ் எண்ணை, “டிஎல்எஸ்” எண்டும் எழுதிப் போடுவன். முறையைச் சொல்லாமல் அளவை மட்டும் சொல்லுறது எங்கட லாப்ல செல்லாது.

இதெல்லாம் நீங்கள் சோதினைக்குப் படிச்சதுதான். ஷெரர் சமன்பாட்டை எழுதச் சொன்னா எழுதியிருப்பீங்கள், அந்த 18ஐப் பாத்துச் சந்தேகப்பட ஒருத்தரும் பழக்கேல்லை. நாங்கள் புதுசா எடுக்கிற பிள்ளையளுக்கு முதல் மாசம் அதுதான் வேலை, ஒரே பொருளைப் பத்துத்தரம் நிறுக்கிறது, பேனையால லொக் புக் எழுதிறது, பிழைச்சா ஒரு கோடு போட்டு வெட்டிக் கையெழுத்து வைக்கிறது, அழிக்கிறேல்லை. ஹோமாகமயில ஸ்லிண்டெக் எண்டு அரசாங்கமும் தனியாரும் சேந்து 2008இல தொடங்கின நனோ நிறுவனம் இருக்குத்தானே, அங்கத்தைய ஆக்களும் சேந்து செய்த, யூரியாவை மெதுவா விடுற நனோ உரத்தைப் பற்றி 2017இல கட்டுரை வந்தது, ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஹைட்ரொக்சிஅப்பரைற்று எண்ட கல்சியம் பொசுபேற்று. அப்பிடி ஒரு சாமானை லாப்ல ஒருக்காச் செய்து காட்டலாம். மூட்டை மூட்டையா ஒவ்வொரு தரமும் அதே ஆறுக்கு ஒண்டு வருகுதோ எண்டு பாக்க ஆள் வேணும். அந்த ஆள் நீங்கள்தான்.

எம்எஸ்சியைப் பிறகு பாப்பம். முதல்ல உங்கட பழைய றிப்போட்டைத் திருப்பி எடுங்கோ. படம் கையிலதானே இருக்கு, 200 துணிக்கைக்கு மேல எண்ணுங்கோ.

கெமிஸ்ற்றி_ரீச்சர்:

பிள்ளை, நான் ஏஎல்லுக்கு இரசாயனம் படிப்பிக்கிறன், உம்மட அம்மாவின்ர கவலையும் விளங்குது. எஸ்ஈஎம் இல்லை எண்டு இருந்திடாதையும், சிரட்டைக் கரியில தொடங்கும். சிரட்டையில செய்யிற அக்டிவேற்றட் காபனை (நீராவியும் வெப்பமும் குடுத்துத் துளையாக்கின கரி) எங்கட நாடு எவ்வளவு காலமா ஏற்றுமதி செய்யுது, அதுக்குள்ள இருக்கிற துளையளில கனக்க 2 நனோமீற்றருக்குக் கீழ. அதைப் பாக்க மைக்கிறஸ்கோப் தேவையில்லை. அயடீன் எண் எண்டு ஒரு பரிசோதனை இருக்கு, ஒரு கிராம் கரி எத்தினை மில்லிகிராம் அயடீனை உறிஞ்சுது எண்டு பாக்கிறது. தெரிஞ்ச அளவு அயடீன் கரைசலுக்குள்ள கரியைப் போட்டு வடிச்சு, மிச்சத்தை சோடியம் தயோசல்பேற்றோட நியமிக்கிறது, மாப்பொருள் காட்டி, நீலம் போகும் வரைக்கும். அளவியும் குழாயியும் எந்தப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலயும் கிடக்கு. மூண்டு வெவ்வேற நிறையில கரி எடுத்துச் செய்து வரைபு கீறோணும். நல்ல காபன் 1,000க்குக் கிட்ட வரும், சும்மா அடுப்பில சுட்ட கரி கிட்டவும் வராது. ஏன் வராது எண்டதை நீராவியையும் 900 பாகை வெப்பத்தையும் வச்சு உம்மால விளங்கப்படுத்த ஏலும். அப்ப படிச்சது எங்க, கை வேலை எங்க எண்டு ரெண்டையும் பிரிக்கவே தேவையில்லை.

பனிக்கால_அக்கா:

தங்கச்சி நான் அமெரிக்காவில சிப் செய்யுற இடத்தில ரெக்னீசியன். இஞ்ச பென்சில்வேனியாவில 1998இலயே இதுக்கு ஒரு வழி பாத்தவை, சின்னக் கொலிஜ் பிள்ளையள் ஒரு செமஸ்ரர் பென் ஸ்ரேற் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆறு பாடமும் அங்கத்தைய கிளீன் றூமோட (தூசி வராமல் வச்சிருக்கிற லாப்) படிக்கலாம், எல்லாக் கொலிஜும் தனித்தனிய மெசின் வாங்கத் தேவையில்லை. எங்கட வடக்குக்கும் கிழக்குக்கும் உப்பிடி ஒரு பொது இடம் வரோணும் எண்டு எனக்குக் கனநாள் ஆசை, கிளிநொச்சியில பொறியியல் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் பக்கத்தில பக்கத்தில இருக்கு, புல்மோட்டையில ரைற்றேனியம் எடுக்கிற இல்மனைற்று மண் இருக்கு, பிள்ளையளும் இருக்கினம்.

இப்ப இருந்தே செய்யக்கூடியது: அமெரிக்காவில பேர்டியூ பல்கலைக்கழகத்தின்ர நனோஹப் தளத்தில சிமுலேசன் எல்லாம் காசில்லாமல் ஓட்டலாம். நியமங்கள் எழுதிற ஏஎஸ்டிஎம் நிறுவனம் நனோ வேலையாள் கல்விக்கெண்டே வழிகாட்டி எழுதியிருக்கு, ஈ2996 பாதுகாப்புக்கு, ஈ3001 அளந்து பாக்கிற முறையளுக்கு, அந்தத் தலைப்புகளை வச்சு உங்களிட்ட எது இருக்கு எது இல்லை எண்டு பாருங்கோ. பாதுகாப்பை விட்டிடாதேங்கோ. காஞ்ச தூளை ஃபானுக்குக் கீழ வச்சு நிறுக்கிறவையை நான் கண்டிருக்கிறன். அமெரிக்காவில நியோஷ் (வேலையிடப் பாதுகாப்பை ஆராயிற அரச நிறுவனம்) 2011இல ரைற்றேனியம் ஈரொட்சைட்டுக்குச் சொன்ன எல்லை சாதாரணத் தூளுக்கு ஒரு கன மீற்றர் காத்தில 2.4 மில்லிகிராம், நனோ தூளுக்கு 0.3தான். அதே பொருள், சின்னனாப் போனபடியா எட்டில ஒண்டு.

கோண்டாவில்_பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி, மூண்டு நாளா இதிலதான் இருந்தனான். 214 துணிக்கை எண்ணியிருக்கிறன், சராசரி 40 இல்லை, 46 வருது, முந்தி வடிவான சின்னதுகளாப் பாத்து எண்ணியிருக்கிறன் போல. மெசின்ர அகலத்தைக் கழிச்சுப் போட்டா 18 எண்டது 22 ஆகுது. ரீச்சர், நான் படிச்ச பள்ளிக்கூடத்தில அளவி தர ஓமெண்டிட்டினம், சிரட்டைக்கு வீட்டில பஞ்சமில்லை.

மெசின்றூம்:

நல்லது தங்கச்சி. அந்த 22 கூடக்குறைய எவ்வளவு?