வேனில் 80-ஐத் தாண்டினால் ஒரே இரைச்சல்: எங்கே கை வைப்பது?

வணக்கம் நண்பர்களே. பின்னால் படுக்கை போட்ட டொயோட்டா ஹையேஸ். துவாஸ் தாண்டி மலேசிய நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டதும் 'ஊ...' என்று இரைச்சல். நியூட்ரலில் உருண்டாலும் குறையவில்லை, ஆக எஞ்சின் இல்லை. இடம் வலமாக லேசாக வளைத்தாலும் மாறவில்லை. சக்கர பேரிங் மீதும் சந்தேகம் இல்லை. புதுத் தார் வந்தால் பாதியாகிறது. முன் டயரை ஒரு பக்கமாகத் தடவினால் வழவழ, திருப்பித் தடவினால் ரம்பப் பல். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பி நிற்கும் கோணம்) விலகல்தான்.

அலைன்மெண்ட், புது டயர் முடிவாகிவிட்டது. அடுத்து, இருக்கைக்கு அடியில் சக்கர வளைவில் தகட்டின் அதிர்வை அடக்க 2 மி.மீ. பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) ஷீட், கால்வாசிப் பரப்பு போதும், முழுக்க ஒட்டுவது காசுக்குக் கேடு. (தார் ஷீட் வேண்டாம், நம்மூர் வெயிலில் உருகி நாறும்.)

அதன்மேல் ஃபோம் மட்டும் போதுமா, கனமான வினைல் விரிப்பும் வேண்டுமா? ஈரம் தங்கித் துரு பிடிக்குமா? காக்கி புக்கிட் பக்கம் செய்தவர்கள் கூலி சொல்லுங்களேன்.