புதுப்பிப்பு: லிவர்பூலின் தொடக்கம் பற்றி

2024-25 பருவத்தின் இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்தில் லிவர்பூலுக்கு முதல் மூன்று ஆட்டங்கள், ஏழு கோல்கள், வாங்கியது ஒன்றுகூட இல்லை. பயிற்சியாளர் கிளாப் போன பிறகும் புதிய பயிற்சியாளர் ஸ்லாட்டின் கையில் அணி பத்திரமாக இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். "எதிரணிகள் பலவீனம், பொறுங்கள்" என்றார்கள் பலர். செப்டம்பர் 14 அன்று சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணியிடம் 0-1 தோல்வி. இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டி ஃபாரஸ்டின் ஹட்சன்-ஒடோய் அடித்த பந்து தூரத்து மூலையில் புகுந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் மூன்றே நாளில் சாம்பியன்ஸ் லீக்கில் ஏசி மிலான் அணிக்கு எதிராக மிலானில், தொடக்கத்திலேயே கோல் வாங்கியும் 3-1 வெற்றி! நம் தடுப்பாட்டக்காரர்கள் கொனாட்டே, வான் டைக் இருவரும் தலையால் முட்டிப் போட்ட கோல்களை மறுபடி மறுபடி பார்த்தேன். அடுத்து லீக்கில் போர்ன்மத் அணியுடன் 3-0 வெற்றி.

நம் வீரர் கிராவன்பெர்க் நடுக்களத்தில் பந்தை வாங்கித் திரும்பும் அழகைப் பாருங்கள். என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.