காம்பி பாய்லர் பிரஷர் நிக்கவே மாட்டேங்குது – கவரைக் கழட்டி நானே சுத்தம் பண்ணலாமா?

புதுவீட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். லண்டன் ஹாரோ பக்கம் பழைய டெரஸ் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டின வீடு) ஒண்ணு வாங்கி இப்பத்தான் குடிவந்திருக்கோம். கிச்சன் கப்போர்டுக்குள்ள காம்பி பாய்லர் (ரேடியேட்டருக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே கேஸ் பாய்லர்), 2012ல மாட்டினது. கூட இருக்கிற சர்வீஸ் புத்தகத்துல 2017க்கு அப்புறம் எல்லாப் பக்கமும் காலி.

பிரஷர் முள்ளு அடிக்கடி 0.5 பாருக்குக் கீழ இறங்கிடுது. அடியில இருக்கிற வெள்ளி நிறப் பின்னல் குழாயைத் திறந்து 1.5க்கு ஏத்தி விட்டா, ரெண்டு மூணு நாள்ல திரும்பவும் சிவப்புக் கோட்டுக்கு வந்துடுது. மாடி ரூம் ரேடியேட்டர் மேல்பாதி சில்லுன்னு இருக்கு. பாய்லர் அடிப்பக்கம் பூரா தூசி, பஞ்சு.

யூடியூப்ல ஒருத்தர் முன்கவரைக் கழட்டி, வாக்வம் போட்டு, பர்னரை டூத் பிரஷ்ஷால தேய்க்கிறார். நாலு ஸ்க்ரூதான். ஊர்ல மிக்ஸி, தண்ணி மோட்டார் எல்லாம் பிரிச்சு மாட்டின அனுபவம் இருக்கு. ஆள் கூப்பிட்டா 100 பவுண்டுக்குக் கிட்ட கேக்கறாங்க. நானே பண்ணலாமா?

இன்னொண்ணு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல. காலையில சமைக்கும்போது மனைவிக்குத் தலைவலி, லேசாக் குமட்டல். குளிர் புதுசு, சைனஸா இருக்கும்னு நினைச்சோம். கேஸ் வாசனை எதுவும் இல்ல.

ஈஸ்ட்ஹாம் பாண்டி

ரேடியேட்டர்ல காத்து அடைச்சிருக்கு ப்ரோ. ஹீட்டிங்கை ஆஃப் பண்ணி ஆறவிட்டு, ஓரத்துல இருக்கிற சதுர ஆணியைச் சாவி போட்டு அரைச் சுத்து திருப்புங்க. துணியைக் கீழ புடிச்சுக்கோங்க, வர்ற தண்ணி கருப்பா இருக்கும், கார்பெட்டுல பட்டா போகாது. உஸ்ஸுன்னு காத்து போய்த் தண்ணி வந்ததும் மூடிடுங்க. கவர் மேட்டர் எனக்குத் தெரியல. நான் தொட்டதில்ல.

குழாய்க்காரன்

தம்பி, தூசி, பிரஷர் எல்லாம் பிறகு கதைப்பம். கடைசியா எழுதினதைத்தான் முதல்ல பாக்கோணும். நான் இஞ்ச கேஸ் சேஃப் எண்ட காஸ் வேலைக்காரர் பதிவோட பொயிலர் வேலை செய்யிறவன்.

காஸ் மணம் இல்லை எண்டு ஆறுதல்பட வேண்டாம். குழாய்க் காஸுக்கு மணம் வாறது அதில கலந்துவிடுற மருந்தால. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எரிஞ்ச புகை வெளிய போகாமல் வீட்டுக்குள்ள வந்தா மூக்குக்குத் தெரியாது. தலையிடி, சத்தி வாற மாதிரி, தலைச்சுத்து, களைப்பு எண்டு தடிமன் காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும், ஆனா காய்ச்சல் இராது.

இப்பவே செய்யுங்கோ: பொயிலரையும் அடுப்பையும் நிப்பாட்டி, யன்னல் கதவைத் திறந்து விட்டிட்டு எல்லாரும் வெளிய வாங்கோ. வெளிய நிண்டு காஸ் அவசர நம்பர் 0800 111 999க்கு அடியுங்கோ. இரவு பகல் எந்த நேரமும் எடுப்பினம், காசில்லை. மயக்கம், மூச்சுத் திணறல் எண்டா அம்புலன்சுக்கு 999.

இதுக்கு மட்டும் பதில் எழுதுங்கோ: வெளிய போனா மனிசிக்குச் சுகமாகுதோ? வீட்டில காபன் மொனொக்சைட்டு அலாம் இருக்கோ?

புதுவீட்டுக்காரன்

ஆஃப் பண்ணிட்டோம் அண்ணா. குழந்தையோட பக்கத்து வீட்டுல உக்காந்திருக்கோம், போனும் பண்ணியாச்சு, வர்றாங்களாம்.

நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சுப் பாக்கறோம். அவ ஆபீஸ் போற நாள்ல தலைவலி இல்ல. வீட்டுல இருந்து வேலை செய்யற நாளும் சனி ஞாயிறும்தான். பழைய ஓனர் விட்டுட்டுப் போன அலாரம் ஒண்ணு ஷெல்ஃப் மேல இருக்கு. டெஸ்ட் பட்டனை அமுக்கினா நல்லாவே கத்துது. ஆனா பின்னாடி ஸ்டிக்கர்ல 2021க்குள்ள மாத்தணும்னு போட்டிருக்கு.

லூட்டன் நர்ஸ்

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். உங்க மனைவியும் குழந்தையும் இன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும். போனதும் "கார்பன் மோனாக்சைடு சந்தேகம்"னு நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லலைன்னா வைரஸ் காய்ச்சல்னு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிடலாம். ரத்தத்துல பார்த்துடலாம், ஆனா நல்ல காத்துல இருக்க இருக்க அளவு இறங்கிக்கிட்டே வரும், நாளைக்குப் போனா ஒண்ணும் தெரியாம போகலாம்.

கோவிட் நேரத்துல வாங்கின விரல் ஆக்ஸிமீட்டர் வெச்சுப் பார்த்து 98 காட்டுதுன்னு இருந்துடாதீங்க. அந்தச் சாதனத்துக்கு ஆக்ஸிஜன் ஏறின ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறின ரத்தமும் ஒண்ணுதான், பிரிச்சுக் காட்டத் தெரியாது.

குழாய்க்காரன்

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அலாம் விஷயம்: அந்த பட்டன் பற்றறியையும் சத்தத்தையும் மட்டும்தான் சோதிக்கும். உள்ளுக்க இருக்கிற சென்சர் செத்தாலும் கத்தும். திகதி முடிஞ்சதை எறிஞ்சுபோட்டு இஎன் 50291 எண்ட தரக் குறி போட்டிருக்கிறதா ஒண்டு வாங்குங்கோ. பொயிலரில இருந்து 1 முதல் 3 மீற்றருக்குள்ள, தலை மட்டத்தில வையுங்கோ. கப்போர்டுக்குள்ள வைக்காதேங்கோ.

புதுவீட்டுக்காரன்

ரெண்டு நாளா ஓட்டம்தான், அதான் லேட். எமர்ஜென்சிலேர்ந்து வந்தவர் பாய்லரை நிறுத்தி, உபயோகிக்கக் கூடாதுன்னு லேபிள் ஒட்டிட்டுப் போயிட்டார். ரிப்பேர் அவங்க வேலை இல்லைன்னுட்டார். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்ததுல அவளுக்கு அளவு கொஞ்சம் கூட இருந்தது, ஆக்ஸிஜன் வெச்சு சாயந்திரமே அனுப்பிட்டாங்க. குழந்தைக்கு ஒண்ணுமில்ல.

அடுத்த நாள் பதிவு உள்ள இன்ஜினியர் வந்தார். கேக்காமலே கார்டை எடுத்துக் காட்டினார். பாய்லர் மேல புகைக்குழாய் திரும்புற முழங்கை இருக்கில்ல, அது உக்கார வேண்டிய இடத்துல உக்காரலை. கருப்பு ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி வெளிய தெரிஞ்சுது. முன்னாடி இருந்தவங்க கப்போர்டு மாட்டும்போது பலகையைத் திணிச்சதுல நகர்ந்திருக்கும்னார். வளையத்தை மாத்தி, முழுசா சர்வீஸ் பண்ணி, மெஷின் வெச்சுப் புகையை அளந்து பேப்பரும் கொடுத்துட்டார். தலைவலி போச்சு.

பிரஷர் மட்டும் இன்னும் இறங்குது. அதைச் சொல்லவே மறந்துட்டோம்.

குழாய்க்காரன்

பிள்ளையும் மனிசியும் சுகம் எண்டது பெரிய நிம்மதி. இப்ப பிரஷருக்கு வருவம். ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்கோ. ஹீட்டிங் நல்லாச் சூடாகி ஓடேக்க முள்ளு எவ்வளவில நிக்குது? வெளிச்சுவரில, பொயிலருக்கு நேரே, சின்னச் செப்புக் குழாய் ஒண்டு வளைஞ்சு சுவரைப் பாத்தபடி நிக்கும். அதுக்குக் கீழ ஈரமோ?

புதுவீட்டுக்காரன்

சூடானா 3 வரைக்கும் போகுது. செப்புக் குழாய் நுனியில சொட்டு தொங்குது, கீழ செங்கல்ல பச்சையா ஒரு கோடு.

குழாய்க்காரன்

அப்ப குழாயில ஒழுக்கெண்டு தரைப்பலகை ஒண்டும் கிளப்ப வேண்டாம். உள்ளுக்க விரிவுத் தாங்கி எண்டு ஒரு சின்னத் தகரத் தொட்டி இருக்கும், நடுவில ரப்பர், ஒரு பக்கம் காத்து, மற்றப் பக்கம் தண்ணி. தண்ணி சூடாகி விரியேக்க அந்தக் காத்துத்தான் அமுங்கி இடம் குடுக்கும். காத்து இறங்கினா இடமில்லை. பிரஷர் 3 பாருக்கு ஏறும், சேஃப்டி வால்வ் திறந்து அந்தச் செப்புக் குழாயால வெளிய துப்பும். ஆறினதும் முள்ளு விழும். நீங்கள் திரும்ப நிரப்புவியள், அது திரும்பத் துப்பும். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணியோட ஒட்சிசனும் லண்டன் சுண்ணாம்பும் உள்ள போய் றேடியேற்றருக்குள்ள கறள் சேறாகும். கீழ்ப்பாதி குளிர்ந்து மேல்பாதி சுட்டா அந்தச் சேறுதான் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

அதே ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கோ. சைக்கிள் ரியூப் வால்வ் மாதிரி ஒண்டு அதில இருக்கு, தண்ணியை இறக்கிப்போட்டுக் காத்தடிக்கலாம். ரப்பர் கிழிஞ்சிருந்தா தாங்கியை மாத்தோணும். கனகாலம் துப்பின வால்வ் பிறகு இறுக்கமா மூடாது, அதையும் மாத்தச் சொல்லுங்கோ.

இனி முதல்ல கேட்ட கேள்வி. உங்கட மாதிரிப் பொயிலர் எரிக்கிற காத்தை வெளியில இருந்துதான் இழுக்கும். குசினிப் பஞ்சு பர்னருக்குப் போகாது, காய்ஞ்ச துணியால வெளிப்பக்கத்தைத் துடைச்சா போதும். கன மொடலில அந்தக் கவரே புகை வீட்டுக்குள்ள வராமல் அடைக்கிற மூடி. பர்னரைத் திறந்தா கேஸ்கெட் எண்ட அடைப்பை மாத்தோணும், மூடினாப் பிறகு புகையை அளக்கோணும், அளக்கிற மெஷின் உங்களிட்ட இல்லை. தகுதி இல்லாத ஆள் காஸ் வேலை செய்யிறது, சொந்த வீட்டிலயெண்டாலும், இஞ்ச 1998 விதிப்படி குற்றம். வாற ஆளின்ர கார்டின்ர பின்பக்கத்தையும் பாருங்கோ. ஆர் எந்த வேலைக்குத் தகுதி எண்டு அதிலதான் இருக்கு, அடுப்புக்கு மட்டும் தகுதி உள்ளவனும் அதே கார்டுதான் வச்சிருப்பான்.

உங்கட கையால செய்யிறதெண்டா: ஆறின நேரம் முள்ளு 1க்கும் 1.5க்கும் இடையில நிக்கோணும். வெளியில புகை வாற வாயைச் செடியோ பொலித்தீனோ மூடாமல் பாருங்கோ. கோடையிலயும் மாதம் ஒருக்கா ஹீட்டிங்கைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கோ, இல்லாட்டிப் பம்ப் இறுகிப் போகும். பனிக்காலத்தில பொயிலர் களகளவெண்டு சத்தம் போட்டு நிண்டா, வெளிய போற வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் உறைஞ்சிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்துங்கோ, கொதிதண்ணி ஊத்தினா குழாய் வெடிக்கும். கப்போர்டுக்குள்ள உடுப்புக் காயப்போடுறது எங்கட சனத்தின்ர பழக்கம், அதையும் விடுங்கோ.

குரோய்டன் வாடகைக்காரி

இதையெல்லாம் வாசிச்சுப் பயந்துட்டேன். வாடகை வீடு. பாய்லர் செக் பண்ணி ரெண்டு வருஷம் இருக்கும், ஓனர் கேட்டா "நல்லாத்தானே ஓடுது"ன்றார். நான் காசு போட்டுப் பண்ணணுமா?

குழாய்க்காரன்

இல்லைத் தங்கச்சி, உங்கட காசில்லை. வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒருக்கா பதிவுள்ள ஆளைக் கொண்டு சோதிச்சு, 28 நாளுக்குள்ள உங்களுக்குப் பிரதி தரோணும். 2022 ஒக்ரோபர் 1இல இருந்து இங்கிலாந்தில பொயிலர் இருக்கிற அறையில அலாம் பூட்டுறதும் அவரின்ர பொறுப்பு. வாயால கேக்காமல் மின்னஞ்சலில கேளுங்கோ. அசையாட்டி எச்எஸ்ஈ எண்ட அரசுப் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவிக்கலாம். பாதுகாப்புச் சோதனை எண்டது சர்வீஸ் இல்லை, ரெண்டும் சேத்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கோ. அலாம் மட்டும் அவரைப் பாத்துக்கொண்டிராமல் இண்டைக்கே ஒண்டு வாங்கி வையுங்கோ.

புதுவீட்டுக்காரன்

தாங்கியில காத்து அடிச்சாச்சு, வால்வும் மாத்தியாச்சு. ஆறினா 1.2, சூட்டுல 1.6. மாடி ரேடியேட்டரை பாண்டி சொன்ன மாதிரி திருப்பினேன், தண்ணி கருப்புதான், துணி வெச்சிருந்தேன். நன்றி பாண்டி.