டிக்கட்டில் 'நாரி நோ', உள்ளே டிஸ்க் தொற்று: எந்தக் கோட் போடுவது?

பட்டிருப்புப் பொடியன்:
வணக்கம். மட்டக்களப்புப் பக்கம் ஓர் ஆதார வைத்தியசாலையின் பதிவறையில் வேலை. ஐ.சி.டி.-10 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) கோட் போடுவதற்கு நான் புதிது.

வயல் செய்கிற ஒருவர், சலரோகமும் உண்டு. டிக்கட்டின் (விடுதியில் நோயாளிக்கு எழுதும் பதிவு) முன்பக்கத்தில் "எல்.பி.பி., ?டிஸ்கைட்டிஸ்", அதாவது நாரி நோ, டிஸ்க் அழற்சியோ என்ற சந்தேகம், என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே புரட்டினால் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4-எல்5 (நாரியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே) டிஸ்கில் தொற்று, அருகே சிறிய சீழ்க்கட்டு. இரத்தக் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனை) ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமி. கிழமைக்கணக்கில் குளொக்சசிலின் என்ற கிருமிகொல்லி ஊசி. இவ்வளவுக்கும் வீடு போகும்போது கொடுக்கிற டயக்னோசிஸ் கார்ட்டில் மறுபடி "எல்.பி.பி." தான்.

எம்54.5 (நாரி நோ), எம்46.4, எம்46.3 இதில் எது? கூகிளில் தேடினால் எம்54.50 என்று வருகிறது, எங்களுடைய புத்தகத்தில் அது இல்லை. பக்கத்து மேசை அக்கா "டிஸ்க் என்றால் எம்51.2 தம்பி, கண்ணை மூடிக்கொண்டு போடு" என்கிறா.

கல்முனை நானா:
கண்ணைத் திறந்துகொண்டே போடுவோம் தம்பி. எம்51.2 டிஸ்க் இடம்விலகியதற்கு. இவருக்கு விலகல் இல்லை, கிருமி.

எம்54.5 வேண்டாம். நாரி நோ அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அறிகுறி. அத்தனை கிழமை குளொக்சசிலின் ஏற்றியது தொற்றுக்கு. ஐ.சி.டி. இரண்டாம் தொகுதியில் (கோட் போடும் விதிகள் உள்ள புத்தகம்) எம்.பி.3 என்றொரு விதி இருக்கிறது: முதன்மை நோயாக எழுதியது வெறும் அறிகுறியாக இருந்து, அதற்குக் காரணமான நோய் வேறிடத்தில் பதியப்பட்டு அதற்கே சிகிச்சையும் நடந்திருந்தால், அந்த நோயைத்தான் முதன்மையாக எடுக்க வேண்டும். உங்கள் டிக்கட்டைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும், வாசித்துப் பாருங்கள்.

எம்46.4 என்பது வகை சொல்லாத டிஸ்கைட்டிஸ். எம்46.3 சீழ்பிடிக்கும் தொற்று. உங்களுக்கு எம்46.3, கூடவே கிருமிக்கு பி95.6. இந்த பி95 ஒருநாளும் முதன்மைக் கோடாகத் தனியே நிற்காது. இடத்துக்கு ஐந்தாவது இலக்கமும் போடுவதென்றால் நாரிப்பகுதிக்கு 6, ஆக எம்46.36. எல்5-எஸ்1 (நாரியும் திரிகமும் சேருமிடம்) ஆக இருந்திருந்தால் 7.

கூகிளில் வந்த எம்54.50 அமெரிக்கக்காரர் தங்களுக்கென்று திருத்தி வைத்திருக்கிற பதிப்பு. 2021 ஒக்டோபரில் எம்54.5ஐ அவர்கள் உடைத்து 50, 51, 59 என்று ஆக்கினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புத்தகத்தில் கடைசி இலக்கம் இடத்தைச் சொல்வது. அங்கே 0 என்றால் 'முள்ளந்தண்டில் பல இடங்கள்'. அப்படியே பிரதி பண்ணினால் உங்கள் ஆளுக்குக் கழுத்திலும் நோவு வந்துவிடும்.

அம்பாறை ஓய்வூதியர்:
நானா சொன்ன கோட்டில் பிழையில்லை. ஆனால் கல்ச்சர் தாளையும் எம்.ஆர்.ஐ.யையும் பார்த்து நோயைத் தீர்மானிப்பது பதிவறை வேலை இல்லை மகன். டிக்கட்டோடு விடுதிக்குப் போய், "முடிவான டயக்னோசிஸ் என்ன, கிருமி எது" என்று கேட்டு எச்.ஓ. (விடுதியின் இளநிலை வைத்தியர்) கையால் எழுதி வாங்குங்கள்.

ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம்முடைய பக்கத்தில் முள்ளந்தண்டைப் பிடிக்கிற கிருமி ஒன்றில்லை. காசநோய் என்றால் கோட்டே வேறு: டாகர் குறியோடு (மூல நோய்) ஏ18.0, நட்சத்திரக் குறியோடு (அது பிடித்த உறுப்பு) எம்49.0, இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். காசநோய் அறிவித்தல் படிவமும் போயிருக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர் என்றால் புரூசெல்லாவையும் (கால்நடையிலிருந்து தொற்றும் கிருமி) வைத்தியர்கள் யோசிப்பார்கள், அது ஏ23 உடன் எம்49.1. சேற்றில் நிற்கிற சலரோகக்காரருக்கு மெலியோய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் இருக்கிற கிருமியால் வரும் நோய்), அது ஏ24. இவற்றையெல்லாம் எம்46.3க்குள் அடைத்துவிட்டால், பிறகு மாவட்டத்தில் எத்தனை என்று தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாது.

சீழ் முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் போயிருந்தால் ஜி06.1 தனியாக வரும். அதையும் கேளுங்கள்.

டிக்கட்டைப் படம்பிடித்து இங்கே போடாமல் எழுத்தில் கேட்டீர்கள், நல்ல பழக்கம்.

பட்டிருப்புப் பொடியன்:
போய்க் கேட்டேன் ஐயா. எச்.ஓ. மிஸ் கன்சல்டன்ட்டிடமும் பேசிவிட்டு, "எல்4-எல்5 சீழ்த் தொற்று, ஸ்டெஃப் ஓரியஸ், கால்வாய்க்குள் சீழ் இல்லை" என்று எழுதிக் கையொப்பமும் வைத்தா. எம்46.36, பி95.6 போட்டுவிட்டேன். சலரோகத்துக்கு இ11.9 சேர்க்கலாமா?

மறுகா இன்னொன்று. அலுமாரியில் பழைய டிக்கட் ஒன்று, அதிலும் "?டிஸ்கைட்டிஸ்". எழுதிய வைத்தியர் மாற்றலாகிப் போய்விட்டார். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, உள்ளே வேறு விளக்கமும் இல்லை.

அம்பாறை ஓய்வூதியர்:
இரண்டாம் வகைச் சலரோகம், சிக்கல் எதுவும் இல்லை என்று டிக்கட்டில் இருந்தால் இ11.9ஐ மற்ற நோயாகச் சேருங்கள். வகை எழுதாவிட்டால் இ14 பிரிவு.

பழைய டிக்கட்டுக்கு: உள்நோயாளி வீடு போகும்வரை சந்தேகம் தீராமல், மேற்கொண்டு தகவலும் இல்லையென்றால், சந்தேகப்பட்ட நோயை உறுதியானது போலவே கோட் போடச் சொல்கிறது இரண்டாம் தொகுதி. சோதித்துப் பார்த்து 'இல்லை' என்று தள்ளியிருந்தால்தான் இசட்03.

கல்முனை நானா:
ஆக அதற்கு எம்46.4. கிருமிக் கோட் வேண்டாம். அக்காவுக்கும் ஒரு பிரதி அடித்துக் கொடுங்கள் தம்பி, அவவுடைய மேசையிலும் எம்51.2 கொஞ்சம் கிடக்கும்.