ஷேர்பாயிண்ட் சைட்டுக்கு நான் விதி எழுதிய கதை

பெங்களூர் பெல்லந்தூரில் ஒரு ஐடி கம்பெனி, டீமில் நாற்பது பேர். மைக்ரோசாஃப்ட் டீம்ஸில் குழு ஆரம்பித்த அன்றே பின்னால் ஒரு ஷேர்பாயிண்ட் சைட், அதாவது டீமின் ஃபைல்களும் லிஸ்ட்டுகளும் இருக்கும் இணையதளம், தானாக முளைத்துவிட்டது. யாரும் உட்கார்ந்து அமைக்கவில்லை, அதனால் யாருக்கும் பொறுப்பும் இல்லை. ஒரே எக்செல் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று அவதாரம் எடுத்திருந்தது.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், புதிதாகச் சேர்ந்த பையன் தன் வியூவை (லிஸ்ட்டைத் தனக்கு வேண்டிய மாதிரி காட்டும் அமைப்பு) அழிப்பதாக நினைத்து, கிளையன்ட் புகார்கள் இருந்த லிஸ்ட்டையே அழித்துவிட்டான். திங்கட்கிழமைதான் தெரிந்தது. நல்லவேளை, அழித்தது ரீசைக்கிள் பின்னில் 93 நாள் இருக்கும், மீட்டுவிட்டோம். பையனைத் திட்டி என்ன பயன்? மெம்பர்ஸ் குழுவுக்கு எடுத்த எடுப்பில் கிடைப்பது 'எடிட்' உரிமை. அதை வைத்து முழு லிஸ்ட்டையே தூக்கலாம். 'கான்ட்ரிபியூட்' என்று மாற்றி வைத்திருந்தால் சேதம் உள்ளே இருக்கும் வரிகளோடு நின்றிருக்கும்.

அப்புறம் விதி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் 14 பக்கம் எழுதினேன். மேனேஜர்கூடப் படிக்கவில்லை. (சத்தியமாக. மூன்றாம் பக்கத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்துப் பார்த்தேன்.) பிறகு அரைப் பக்கமாக்கி சைட்டின் முகப்பிலேயே ஒட்டினேன். ஃபைல்கள் இருக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு பொறுப்பாளர். வெளியாருக்கு அனுப்பும் லிங்க் 30 நாளில் காலாவதி. ஃபைல் பெயரில் 'ஃபைனல்' கூடாது, பழைய பிரதிகளைத் தானே வைத்திருக்கும் வெர்ஷன் ஹிஸ்டரி எதற்கு இருக்கிறது? உரிமையைக் குறைத்ததற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபைல் பெயர் விதிக்குத்தான் இரண்டு மீட்டிங் சண்டை!

பதில்:
எங்களுக்கு வேறு மாதிரி அடி. பெங்களூரிலேயே மான்யதா டெக் பார்க் பக்கம் ஆபீஸ். ஃபோல்டர் ஃபோல்டராகத் தனி உரிமை கொடுத்து, எதை யார் பார்க்கலாம் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். சைட்டுக்கு ஓனரும் அவர்தான். வேலையை விட்டுப் போய்விட்டார். புது ஆளைச் சேர்க்க ஐடி பிரிவுக்குக் கோரிக்கை டிக்கெட் போட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். உங்கள் அரைப் பக்கத்தில் 'குறைந்தது இரண்டு ஓனர்' என்று இருக்கிறதா சார்?

பதில்:
இல்லை சார், இன்றே சேர்க்கிறேன். இப்போதைக்கு ஓனர் நான் ஒருவன்தான். அடுத்த மாதம் ராஜினாமா பேப்பர் போடுவதாக இருக்கிறேன்.