தீப்புண்ணில் நியூட்ரோஃபில்களை அடக்கினால் சீக்கிரம் ஆறுமா?

நுண்ணோக்கி:
ஆழமான இரண்டாம் நிலை தீப்புண். 10ஆம் நாள் எடுத்த பயாப்ஸியில் மைலோபெராக்சிடேஸ் (நியூட்ரோஃபில்களில் இருக்கும் நொதி) ஸ்டெயின் இன்னமும் அப்பிக் கிடக்கிறது. வெட்டுக்காயத்தில் நியூட்ரோஃபில்கள் (முதலில் ஓடிவரும் வெள்ளையணுக்கள்) 24–48 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, பிறகு மேக்ரோஃபேஜ்களுக்கு (குப்பையை விழுங்கும் செல்களுக்கு) இடம் விட்டுவிடும். தீப்புண்ணில் மட்டும் ஏன் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கின்றன? இவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற புரத நொதிதான் புதுத் திசுவைக் கரைக்கிறது என்றால், ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாமே? மேற்பரப்பு ஸ்வாபில் (பஞ்சால் தடவி எடுத்த மாதிரியில்) பெரிதாக எதுவும் வளரவில்லை.

திசுக்காரன்:
கூப்பிடும் குரல் நிற்காததால்தான் அவை கிளம்பவில்லை. கத்தி ஒரு கோட்டில் மட்டும் செல்களைக் கொல்கிறது. நெருப்போ இறந்த திசுவைப் பாளமாக அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. அதிலிருந்து செல்லுக்குள் இருக்க வேண்டிய ஹெச்எம்ஜிபி1 புரதம், ஏடிபி, மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ எல்லாம் கசிந்துகொண்டே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை பாக்டீரியா என்பதால், கிருமியின் டிஎன்ஏவை அடையாளம் காணும் டிஎல்ஆர்-9 ஏற்பி அந்த டிஎன்ஏவைக் கிருமி என்றே எடுத்துக்கொள்கிறது. கிருமியே இல்லாமல் அபாயச் சங்கு ஊதுவது இப்படித்தான்.

எலாஸ்டேஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. கெரட்டினோசைட்டுகள் (மேல்தோல் செல்கள்) ஊர்ந்து வரும் ஃபைப்ரோநெக்டின் புரதப் பாதையை அது அறுக்கிறது. அதைக் கட்டுப்படுத்த வேண்டிய ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற இரத்தப் புரதத்தை நியூட்ரோஃபில்களின் ஆக்சிஜனேற்றிகளே முடக்கிவிடுகின்றன. பூட்டையும் உடைத்துச் சாவியையும் தூக்கி எறிந்த கதை.

ஆனால் ஸ்டீராய்டு தவறான கருவி, ஏனென்றால் அது மேக்ரோஃபேஜ்களையும் சேர்த்து அடிக்கிறது. கினிப் பன்றிகளில் ரஸ்ஸல் ராஸ் குழு இரண்டு பரிசோதனைகள் செய்தது. 1972இல் நியூட்ரோஃபில்களை மட்டும் நீக்கியபோது, கிருமியற்ற காயம் வழக்கம்போலவே ஆறியது. 1975இல் ஹைட்ரோகார்ட்டிசோன் ஸ்டீராய்டோடு மேக்ரோஃபேஜ்களைத் தாக்கும் எதிர் சீரமும் கொடுத்தபோது குப்பை அகலவில்லை, நாரிழை படிவதும் தள்ளிப்போனது. முதல் முடிவை அப்படியே தீப்புண்ணுக்குப் பொருத்திவிடாதீர்கள். அவை சின்ன, சுத்தமான கீறல்கள். தீப்புண்ணில் நியூட்ரோஃபில் இல்லையென்றால் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம்.

டிரஸ்ஸிங்_டிரே:
செல்களை விட்டுவிடுங்கள், கருகலை (இறந்த திசுப் பாளத்தை) எடுங்கள். அறுவை மருத்துவர் ஜோரா யான்செகோவிச் 1970இல் எழுதிய அடுக்கடுக்காகச் சீவும் முறை இதற்குத்தான். ஆழமான புண்ணை 3–5 நாளுக்குள், சீராகப் புள்ளிப்புள்ளியாக இரத்தம் கசியும் தளம் வரும்வரை சீவி, உடனே தோல் ஒட்டு வைப்பது. 10ஆம் நாளுக்குள் நொதிகளே கருகலைப் பிரிக்கத் தொடங்கியிருக்கும், அடியில் கிரானுலேஷனும் (இரத்தக்குழாய் நிறைந்த புதுத் திசுவும்) வந்திருக்கும். அப்போது சீவினால் இரத்தப்போக்கு கூடுதல். அதற்காக இன்னும் காத்திருப்பதும் சரியல்ல. 3 வாரத்தில் மூடாத புண்ணில் தடித்த தழும்புக்கான வாய்ப்பு நன்றாகவே ஏறிவிடும்.

இன்னும் சில. சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு போட்டிருந்தால் மேலே மஞ்சள் படலம் படியும், அது கருகலும் அல்ல, சீழும் அல்ல. அதே மருந்தில் 2–3ஆம் நாள் இரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கை சரியலாம், பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலேயே திரும்பிவிடும். அப்புறம், மேற்பரப்பு ஸ்வாபை வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். திசுவை எடுத்து அதிலுள்ள பாக்டீரியாவை எண்ணிப் பாருங்கள். ஒரு கிராமில் 1 லட்சத்துக்கு மேல் போனால் ஒட்டு பிடிப்பது சந்தேகம்.

ஸ்லைடு_பெட்டி:
எனக்கு அந்த ஸ்டெயின் மேலேயே சந்தேகம். மைலோபெராக்சிடேஸ் செத்த நியூட்ரோஃபில்களிலும், அவை வீசிய டிஎன்ஏ வலைகளிலும் ஒட்டிக்கிடக்கும். நிறம் வந்தால் செல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. பக்கத்து வெட்டுகளில் சிடி66பி (நியூட்ரோஃபில் அடையாளம்), சிடி68 (மேக்ரோஃபேஜ் அடையாளம்) இரண்டும் போடுங்கள். சிடி68 செல்லுக்குள்ளே நியூட்ரோஃபில் துணுக்குகள் தெரிந்தால் விழுங்கல் நடக்கிறது, மேக்ரோஃபேஜ் அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். விழுங்க ஆளில்லாவிட்டால் செத்த நியூட்ரோஃபில் வெடித்து, உள்ளிருக்கும் நொதியை மறுபடி கொட்டும்.

மனிதத் திசுவில் ஆர்ஜினேஸ்-1 நொதியை வைத்து எம்2 (ஆற்றும் வகை மேக்ரோஃபேஜ்) என்று பெயர் சூட்டாதீர்கள். அது எலிக்கான அடையாளம். புண்ணின் எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள்?

நுண்ணோக்கி:
நடுவிலிருந்து, கருகலோடு சேர்த்து.

ஸ்லைடு_பெட்டி:
அப்படியானால் நீங்கள் எண்ணியது குப்பைமேட்டை. கருகலை எடுத்தபின், விளிம்பும் தளமும் சேர்ந்து வரும்படி 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி (வட்டக் கத்தியால் எடுக்கும் துண்டு) எடுங்கள். திசு கெடாமலிருக்க 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் 24 மணி நேரம் போதும். கண்ணாடியில் கருகல் மிச்சமிருந்தால் அந்தப் பகுதியை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.